என் வீட்டுக்காரரின் பட்டாளம்

போன வாரம் பேத்தி வேலை முடிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்து ஒரு வாசனை வந்தது. பித்தளை துலக்குகிற மருந்தின் வாசனை. முகர்ந்தவர்களுக்குத் தெரியும், மூக்கு நுனியில் சுள்ளென்று ஏறி, அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி அங்கேயே தங்கிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு ஹோட்டலில் அவளுக்கு வேலை. அந்தக் காலத்தில் அது எங்கள் தோட்டத்துப் பெரிய தொரையின் பங்களா. அங்கே கதவுக் கைப்பிடியெல்லாம் பித்தளை. வாரத்துக்கு ஒரு தடவை பளபளவென்று துலக்கி வைக்க வேண்டுமாம்.

"போயி கையைக் கழுவிட்டு வா" என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு முகம் வாடிப்போனது. பாவம், அவளுக்கு என்ன தெரியும். அந்த வாசனைக்கும் எனக்கும் பழைய சண்டை.

கல்யாணமான மறுநாள் காலையில் கண் விழித்தபோது முதலில் வந்தது அந்த வாசனைதான். புதுப் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் புருஷனைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பித்தளை வில்லையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தொப்பியில் குத்துகிற வில்லை. பட்டாளத்தை விட்டு வந்து வருசக் கணக்காகிறது. தொப்பியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. வில்லை மட்டும் இருக்கிறது. அதைத் தேய்க்கிறார், வாயை ஒரு மாதிரி குவித்து ஊதுகிறார், மறுபடியும் தேய்க்கிறார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பிரியமாக. வந்த மறுநாளே சக்களத்தி முகத்தைப் பார்த்துவிட்டேன்.

அவர் பேர் ஆரோக்கியம். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் லொறி டிரைவர். நான் கண்டியில் மிட்வைஃப் படிப்பு முடித்து அதே தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தவள். நாடு சுதந்திரமாகி ரெண்டு மூணு வருசம் இருக்கும். கோயில் உபதேசியார் பேசி முடித்த கல்யாணம். "நல்ல பையன், குடி கிடையாது, பட்டாளத்துல இருந்தவன்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும். குடிகாரனைக் கட்டினவளுக்காவது சாராயக் கடையைத் திட்டலாம். நான் யாரைப் போய்த் திட்டுவது.

அந்தப் பட்டாளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ஒரே மூச்சில் என்னிடம் சொன்னதில்லை. லொறி ஓட்டும்போது ஒரு துண்டு, முகச் சவரம் பண்ணும்போது ஒரு துண்டு என்று சிந்தினதைப் பொறுக்கிச் சேர்த்தது இது.

அவருடைய அப்பாவும் அதே பட்டாளம். திருச்சிப் பக்கத்து ஆள். முதல் உலகச் சண்டைக்குக் கப்பலில் பஸ்ராவுக்குப் போனவர். பஸ்ராவிலிருந்து உள்ளே உள்ளே நடந்து போனார்களாம். ஒரு பங்குனி மாசத்தில் தண்ணீர் ஏற்றி வந்த கழுதைகளை எல்லாம் எதிரி சுட்டுவிட்டான். ஆறு கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது, கரையில் எதிரி இருக்கிறான். கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தோல்பை தண்ணீர். சுபேதார் அதை எடுத்துத் தன் இடது பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினாராம். அவன் வாங்கத் தயங்கினான். சாதி. சுபேதார் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. "ஒரு வாய் குடி. எடது பக்கம் குடு." அவ்வளவுதான் உத்தரவு. பை அப்படியே ஆள் ஆளாகப் போய், சுற்றி, சுபேதார் கைக்கே திரும்பி வந்தது. குலுக்கிப் பார்த்தால் இன்னும் அடியில் தண்ணீர் இருந்ததாம். அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் ஆற்றைப் பிடித்தார்கள்.

அது நிஜமா, கிழவர்கள் கட்டினதா, எனக்குத் தெரியாது. ஆனால் அதிலிருந்துதான் அவர்களுக்கு அந்த முறை வந்தது. வருசா வருசம் பங்குனியில் அந்த நாளன்று, பட்டாளத்தான் எத்தனை பேர் ஓர் இடத்தில் இருந்தாலும் வரிசையாக நிற்க வேண்டும். மூத்தவர் ஒரு தகரக் கோப்பையில் தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்து இடது பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். கோப்பையைக் கீழே வைக்கக் கூடாது. உன் இடது பக்கத்து ஆள் செத்துப்போயிருந்தால் அவன் பங்கை மண்ணில் ஊற்றிவிட்டு அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். உயிரோடு இருக்கிறான் என்றால் அவன் வந்து வாங்கும்வரை நிற்க வேண்டும்.

முதல் சண்டை முடிந்து சில வருசத்தில் வெள்ளைக்காரன் அந்தப் பட்டாளத்தைக் கலைத்துவிட்டான். கொடியைக் கொண்டுபோய் ஏதோ ஒரு மாதா கோயில் சுவரில் மாட்டிவிட்டார்களாம். அவருடைய அப்பா பிழைப்புத் தேடி இங்கே தோட்டத்துக்கு வந்தார். ரெண்டாவது சண்டை வந்ததும் அதே பேரில் பட்டாளத்தை மறுபடி எழுப்பினார்கள். செய்தி எப்படியோ இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் மீசை சரியாக முளைக்காத வயசில் தலைமன்னார் வழியாகக் கப்பலேறி ஓடிவிட்டார். ஆள் எடுக்கிற இடத்து வாசலில் நின்ற கிழட்டு ஹவில்தார் இவர் பேரைக் கேட்கவில்லையாம். "ஒங்கப்பன் நம்பர் என்னா" என்று கேட்டாராம். இவர் சொன்னதும், பட்டாளத்துக்குள்ளே அப்பா இருந்த அதே கம்பெனியில் தள்ளிவிட்டார்.

சேர்ந்த நாளில் அவருக்கு இடது பக்கத்தில் நிறுத்தின ஆள் சுப்பையா. வேடிக்கை என்னவென்றால் சுப்பையாவும் எங்கள் மலைக்காரர்தான். ரெண்டு பேரும் ஒன்றாகப் பர்மாவுக்குப் போனார்கள். மற்ற ஆளெல்லாம் மழையும் மலையும் அட்டையும் பார்த்து அரண்டு போக, இவங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தது மாதிரி நடந்தார்களாம். "அட்டைகூட நம்ம ஊரு அட்டை மாதிரியே கடிச்சிச்சு" என்று சுப்பையா அண்ணன் சொல்லுவார். அப்போது என் வீட்டுக்காரர் சிரிப்பார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் என் முன்னால் ஒரு நாளும் பார்த்ததில்லை. சுப்பையா வந்தால் மட்டும் எங்கிருந்தோ வரும். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டு தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துவிடுவேன். சில நாள் மறக்காமலும் போடாமல் விட்டதுண்டு.

சுப்பையா அண்ணன் எங்கள் தோட்டத்திலேயே தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். கை கத்தி மாதிரி இருக்கும், பேச்சும் அப்படித்தான். அவர் சம்சாரம் பேச்சியம்மா எனக்கு நல்ல சிநேகிதி. அவளுக்கு ரெண்டு பிரசவம் நான்தான் பார்த்தேன். "ஒங்க வீட்டுக்காரரக் கட்டுனது நீங்களா எங்க வீட்டுக்காரரான்னு எனக்கே சந்தேகமா இருக்குங்க" என்பாள். அவளால் அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடிந்தது.

எங்கள் மூத்தவன் பிறந்தபோது நான் என் அப்பா பேரை வைக்க ஆசைப்பட்டேன். இவர் வேலாயுதம் என்று வைக்க வேண்டும் என்றார். யார் அந்த வேலாயுதம் என்று கேட்டால், பர்மாவில் ஒரு பாலத்துப் பக்கம் போய்விட்ட ஆளாம். பர்மாவில் செத்த ஆளுக்கு மஸ்கெலியாவில் நான் வயிறு நோக வேண்டியிருக்கிறது. சாமியார் ஞானஸ்நானத்தில் வேலாயுதம் என்று பேர் வைக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனதுக்குள் சாமியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். சூசை என்று பேரானது. என்ன பிரயோசனம். கோயில் வாசலைத் தாண்டினதும் வேலு, வேலு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கும் ஊர் முழுக்க அவனுக்கு வேலுதான்.

அப்புறம் புதுசாக ஒரு பெரிய தொரை வந்தார். முதல் நாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் ஆட்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் லொறிப் பக்கம் நின்ற இவரைப் பார்த்து நின்றுவிட்டார். இவர் நின்ற நிலை அப்படி. காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டி, கண்ணை எங்கோ தூரத்தில் வைத்து. தொரை கிட்டே வந்து கேட்டது ஒரே வார்த்தை. "எந்தக் கம்பெனி?"

இவர் சொன்னார். தொரை முகம் மாறிப்போனதைத் தோட்டமே பார்த்தது. அவர் அதே பட்டாளத்தில், பர்மாவில் சின்ன ஆபீசராக இருந்தவராம். கவ்வாத்துக் கூட்டத்திலிருந்து சுப்பையா அண்ணனும் கத்தியோடு முன்னால் வந்து நின்று ஒரு சலாம் வைத்தார். மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வாய் பிளந்து நிற்கிறார். பெரிய கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

அந்த வருசம் பங்குனியில் ரெண்டு பேருக்கும் பங்களாவிலிருந்து அழைப்பு வந்தது. நீங்கள் அந்தக் காலத்துத் தோட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொரை வருகிற பாதையில் ஆள் எதிரே வரக் கூடாது, ஒதுங்கிக் காட்டுக்குள் இறங்க வேண்டும். பெரிய கிளாக்கரே பங்களாப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். அப்படிப்பட்ட இடத்தில், புல் தரையில் தொரை, அவர் இடது பக்கம் லொறி டிரைவர், டிரைவருக்கு இடது பக்கம் கவ்வாத்துக்காரர். ஒரே கோப்பையில் மூன்று பேர் வாய் வைத்தார்கள். வருசத்தில் ஒரு நாள் மட்டும். மறுநாள் காலை தொரை தொரைதான், இவர் சலாம் போட்டு ஒதுங்கித்தான் நிற்பார்.

தோட்டமே பொறாமையில் புழுங்கியது. தலைக் கங்காணி எங்கள் பக்கம் பார்ப்பதை நிறுத்தினார். ஆனால் எல்லோருடைய பொறாமையையும் ஒரு தட்டில் வைத்து என்னுடையதை மறு தட்டில் வைத்தாலும் என் தட்டுத்தான் இறங்கும். நான் ஒரு தடவை கேட்டேன்.

"அந்தத் தண்ணிய நானும் ஒரு வாய் குடிச்சா என்னாங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சின்னப் பிள்ளையிடம் சொல்வது மாதிரி, "தாகமா இருந்தா பானையில இருக்கு, மோந்து குடி" என்றார்.

இப்படி ஒரு சில வருசம் போனது. அப்புறம் ஒரு வருசம் லயத்துக் கூரைச் சண்டை வந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் பழைய லயத்தில் தகரமெல்லாம் துருப்பிடித்து ஓட்டை. மழை பெய்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாக ஓட வேண்டும். பச்சை உடம்புக்காரிகள் ஈரத் தரையில் படுத்துக் காய்ச்சல் கண்டதை நானே டிஸ்பென்சரி ஐயாவிடம் சொல்லிச் சலித்துப்போனேன். சங்கத் தலைவராக அப்போது சுப்பையா அண்ணன்தான் இருந்தார். கேட்டார்கள், கேட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் பெரட்டுக்கு ஆட்கள் வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தொரைக்கு மேலே கொழும்பில் தோட்டத்து முதலாளிக் கம்பெனி. அங்கிருந்து என்ன சொன்னார்களோ, ஒரு வாரத்தில் சுப்பையா அண்ணனுக்குப் பத்துச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார் தொரை. அந்தச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் வேலையும் இல்லை, லயத்தில் காம்பராவும் இல்லை. மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு பிள்ளை குட்டியோடு தோட்டத்து எல்லையைத் தாண்ட வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஒரு பிரசவத்தில் சாகப் பிழைக்கக் கிடந்தபோதுகூட அவர் சோறு தின்னாமல் இருந்ததாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பங்குனி வந்தது.

அன்றைக்குப் பகல் என்னையும் பங்களாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தொரைசானி பிள்ளைத்தாச்சி. கால் வீங்கியிருக்கிறது என்று அப்பு, அதாவது பங்களாச் சமையல்காரர், வந்து கூப்பிட்டார். பிரசவத்துக்கு எப்படியும் நுவரெலியாவுக்குப் போய்விடுவார்கள், சும்மா காலைப் பிடித்துவிட ஓர் ஆள் வேண்டும். நான் ஜன்னல் பக்கம் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே புல் தரை. தொரை கையில் கோப்பையோடு நிற்கிறார். என் வீட்டுக்காரர் மேலே ஏறி வருகிறார், வெள்ளைச் சட்டை, நெஞ்சில் அந்த வில்லை. தனியாக வந்தார்.

தொரைசானி நல்ல மாதிரி. சீமையிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான். அரைகுறைத் தமிழில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "இன்னைக்கு அவங்க நாள். நீ, நான், ஜன்னல்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அப்புறம் இங்கிலீசில் கேட்டாள். கண்டியில் படித்த அளவுக்கு எனக்கும் புரியும். என்னிடம் சொல்லாததையெல்லாம் என் புருஷன் உன் புருஷனிடம் சொல்லுவார் போலிருக்கிறது, நீ கேட்டு எனக்கு வந்து சொல்லேன் என்றாள்.

"எங்க வீட்டுக்காரரு எனக்கே ஒண்ணும் சொல்றதில்லைங்க தொரைசானி" என்றேன்.

அவள் என் தோளில் கை வைத்தாள். அவ்வளவுதான். ரெண்டு பேரும் வெளியே பார்த்தோம்.

தொரை ஒரு வாய் குடித்துக் கோப்பையை இவரிடம் கொடுத்தார். இவர் வாங்கி ஒரு வாய் குடித்தார். இடது பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. கோப்பையை ரெண்டு கையாலும் பிடித்து இடது பக்கம் நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

முதலில் ஏதோ முறையின் ஒரு பாகம் என்றுதான் நான் நினைத்தேன். கொஞ்ச நேரம் போனது. அப்பு பாத்திரம் துடைப்பதை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். தொரை காலை மாற்றி நின்றார். மலைக்கு அந்தப் பக்கம் மேகம் இறங்க ஆரம்பித்தது. பங்குனியில் எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடித்துக்கொண்டு வரும், தெரியுமில்லையா. முதல் துளி விழுந்தது. இவர் அசையவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கோப்பையில் மழை விழுந்து நிரம்பி, விரல் வழியாக வழிகிறது. சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. தொரையும் நனைந்துகொண்டு எதிரே நிற்கிறார். உள்ளே ஓடி வர அவராலும் முடியவில்லை. பட்டாளத்து ஆள் கோப்பையோடு நிற்கும்போது ஆபீசர் எப்படிப் போவது.

கடைசியில் தொரை சொன்னார், "மண்ணுல ஊத்து ஆரோக்கியம்."

மழைச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. மண்ணில் ஊற்று என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

இவர் குரலை உயர்த்தவில்லை. "அவன் உசிரோட இருக்கான் தொரை. கீழ லயத்துல இருக்கான்."

தொரை ரொம்ப நேரம் இவர் முகத்தையே பார்த்தார். அப்புறம் திரும்பி, தொப்பிகூட இல்லாமல், பங்களாப் படியில் இறங்கி நடந்தார். லயத்துப் பக்கம். பெரிய தொரை லயத்துக்குக் கால்நடையாகப் போனதை அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை.

அங்கே நடந்ததைப் பேச்சியம்மா எனக்குப் பிறகு சொன்னாள். சாமான் எல்லாம் கட்டி வைத்திருந்தார்களாம். ஒழுகுகிற இடத்தில் சட்டி பானை வைத்திருந்தது. வாசலில் தொரை வந்து நின்றதும் அவள் பயந்து முக்காட்டை இழுத்துக்கொண்டாள். சுப்பையா அண்ணன் எழுந்து நின்றார், சலாம் போடவில்லை.

"வா" என்றாராம் தொரை.

"யாரக் கூப்பிடுறீங்க தொரை? தோட்டத்து ஆளைன்னா, அவனுக்கு நீங்க சீட்டு குடுத்துட்டீங்க, அவன் பங்களாவுக்கு வரப்படாது. பட்டாளத்து ஆளைன்னா, அவனை எப்படித் தொரை வெளியே போன்னு சொன்னீங்க?"

கூரை ஒழுகித் தொரை தலையிலேயே சொட்டிக்கொண்டிருந்ததாம். பேச்சியம்மா அதை மட்டும் ரெண்டு தடவை சொன்னாள். கடைசியில் தொரை, "ஆரோக்கியம் நிக்கிறான்" என்றார்.

"எங்க நிக்கிறான்?"

"மழையில. கோப்பைய வச்சுக்கிட்டு."

சுப்பையா அண்ணன் உடனே படி இறங்கிவிட்டாராம். செருப்புப் போடவில்லை, துண்டு எடுக்கவில்லை. தொரைக்கு முன்னால், ஏறக்குறைய ஓட்டமாக, மேட்டில் ஏறி வந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வந்து இடது பக்கத்தில் நின்றார். சுப்பையா அண்ணன் தன் கையை இவர் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக் கோப்பையை வாங்கினார். மழைத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். பின்னாலேயே மூச்சு வாங்க வந்து சேர்ந்த தொரையிடம் கொடுத்தார். முறை முடிந்தது.

எனக்கு அழுகை வந்தது. நல்ல மனசினால் வந்த அழுகை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மனுசன் கை வலிக்க நிற்கிறான் என்று கேட்டதும், தன் மானத்தையும் கோபத்தையும் வாசலிலே போட்டுவிட்டு இன்னொரு மனுசன் மேட்டில் ஓடி வருகிறானே, அந்த மாதிரி எனக்காக ஓடி வர இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் அழுதேன். தொரைசானி எதற்கு அழுதாளோ எனக்குத் தெரியாது. அவளும் அழுதாள்.

அதோடு எல்லாம் சரியாகியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள். தொரையும் அப்படித்தான் நினைத்தார். அந்தப் புல் தரையிலேயே, சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன், கம்பெனியோடு நான் பேசிக்கொள்கிறேன் என்றார். சுப்பையா அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார்.

"தண்ணி குடிச்சது பட்டாளத்துக்காக தொரை. சீட்டு வாங்குனது லயத்துக்காக. ரெண்டையும் ஒண்ணா கலக்காதீங்க. கூரையப் போட்டுக் குடுங்க, போதும்."

மறுநாள் அவர்கள் டயகமப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். பேச்சியம்மாவின் அண்ணன் அங்கே இருந்தார். சாமானை என் வீட்டுக்காரர்தான் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். எடுத்துக்கொண்டு போ என்று தொரையே சொல்லி அனுப்பினார். நான் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே பேச்சியம்மாவோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து போனேன். முன்னால் அவர்கள் ரெண்டு பேரும். வழியெல்லாம் பேச்சே இல்லை. கண்ணாடி வழியாக ரெண்டு முதுகு மட்டும் தெரிந்தது. பேசுகிற ஆட்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது ஒரு மாதிரி. பேசாமல் இருக்கிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது.

அந்த மழைக்காலத்துக்குள் லயத்துக்குப் புதுத் தகரம் வந்தது. அடுத்த பங்குனியில் பங்களாவிலிருந்து அழைப்பு வரவில்லை. இவரும் எதிர்பார்க்கவில்லை. காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு டயகமவுக்குப் பஸ் ஏறிவிட்டார். ஒவ்வொரு வருசமும் அப்படித்தான். சில வருசம் கழித்துத் தொரை சீமைக்கே திரும்பிவிட்டார். ஹட்டன் ஸ்டேஷனுக்கு அவர் பெட்டிகளை ஏற்றிப் போனதும் இவர்தான். ரெண்டு பேரும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்களாம். கோச்சி வந்ததும் ஏறினாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லை என்றார். என்னிடம் சொல்லவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் கடலுக்கு இந்தக் கரை, அந்தக் கரை ரெண்டு நாட்டுப் பெரிய மனுசர்களும் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களான எங்களைப் பங்கு பிரித்த அந்த ஒப்பந்தம் வந்தது. இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று. என் அப்பா முன்யோசனைக்காரர், எங்களைப் பதிந்து வைத்திருந்தார். எனக்கு இந்த நாட்டுப் பிரஜை உரிமை இருந்தது. இவருக்கு எதுவும் இல்லை. சொன்னால், "ராசாவுக்கு நம்மளத் தெரியும்" என்பார். ராசா போய்ச் சேர்ந்து ராணி வந்தது, ராணிக்கு இவரைத் தெரியவில்லை. ராசாவுக்காகப் பர்மா வரைக்கும் நடந்த ஆள், எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் சொல்ல வார்த்தை இல்லாமல் நின்றார்.

சுப்பையா அண்ணன் அந்தக் கரைக்கே போவதென்று முடிவு பண்ணினார். பிள்ளைகளுக்கு அங்கேயாவது ஒரு பேர் இருக்கட்டும் என்றார். பயணம் சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "நீயும் வா ஆரோக்கியம். பட்டாளம் அங்கதான இருக்கு" என்றார். என் முன்னாலேயே சொன்னார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மா ஊதிக்கொண்டு நின்றேன். அந்தச் சக்களத்தி, அந்தப் பட்டாளம், கடைசியாக என் புருஷனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள் என்று தோன்றியது.

அவர் போகவில்லை. என் புருஷன் என்று என் பேரில் எழுதிப் போட்டு, அலைந்து திரிந்து, இங்கேயே இருக்கிற ஆளானார். ஒரு நாள் தைரியம் வந்து கேட்டேன்.

"ஏங்க நீங்க போகல்ல?"

"நீ வரமாட்டியே."

வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த வார்த்தையைப் பொன் மாதிரி முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள். நான் அன்று முழுக்க யோசித்தேன். நான் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் போயிருப்பார் என்றுதானே அர்த்தம். யாருக்காகப் போயிருப்பார்? எனக்காகவா? இப்படிப்பட்ட புத்தி எனக்கு.

சுப்பையா அண்ணனிடமிருந்து நீலகிரிப் பக்கம் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன் என்று செய்தி வந்தது. அப்புறம் அது நின்றது. பேச்சியம்மா இருக்கிறாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. தொரை செத்ததை யாரோ கொழும்பிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். பழைய லயத்தை ஒரு மண்சரிவு கொண்டுபோனது, அந்தப் புதுத் தகரத்தோடு. பட்டாளம் மட்டும் அந்தக் கரையில் இன்னும் இருக்கிறதாம், பேர் மாற்றி, புதுப் பையன்களோடு. அவர்களுக்கு எங்கள் மலையில் இப்படி ஒரு ஆள் இருந்தது தெரிந்திருக்க நியாயமில்லை.

அதற்குப் பிறகு ரொம்ப வருசம் இருந்துதான் அவர் போனார். ஒரு நாள் காலையில், நோய் வருத்தம் ஒன்றும் பெரிதாக இல்லாமல். குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டுப் படுக்க வைத்த பிறகு மூத்தவன் என்னிடம் வந்து குனிந்து கேட்டான்.

"அம்மா, பட்டாளத்துக்காரங்களுக்குன்னு ஏதாச்சும் மொறை இருக்குமே. தலை எந்தப் பக்கம், யாரு முன்னால தூக்குறது, என்னா சொல்லணும், அப்படி ஏதாச்சும். அப்பா ஒங்கிட்ட சொல்லியிருக்காரா?"

நான் யோசித்துப் பார்த்தேன். இருந்திருக்கும். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது, இதற்கு இல்லாமலா. எத்தனை பேரைப் பாதையோரத்தில் அடக்கிவிட்டு நடந்தவர்கள். ஆனால் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த மலையில் ஓர் ஆளும் மிச்சமில்லை.

"சொன்னதில்லையேப்பா" என்றேன்.

கோயிலுக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவே இருக்கிற கல்லறையில், ஒரு லொறி டிரைவரை எப்படி அடக்குவார்களோ அப்படி அடக்கிவிட்டு வந்தோம்.